காவலுக்கு ஊர், கல்லாவுக்கு இலாகா

'சமூகக் காடு, ஏழைக்கு வாழ்வு' மாதிரியான வாசகங்களை வனத்துறை விழா பேனர்களில் பார்க்காதவர்கள் குறைவு. கலெக்டர் ஒரு கன்று நடுவார். பக்கத்தில் நாலு பழங்குடிப் பெண்களை நிறுத்திப் படம் எடுப்பார்கள். மறுநாள் பேப்பரில் வரும். கன்று பிழைத்ததா என்பது வேறு கதை. அந்தப் பெண்களின் வீட்டு வருமானம் கூடியதா என்று மட்டும் யாரும் திரும்பிப் போய்க் கேட்பதில்லை.

கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்விதான். அந்தக் காட்டில் விளைவதை விற்கிற உரிமை யாரிடம் இருக்கிறது?

கணக்குப் பதிவியல் படிக்கிறவர்களுக்கு இது ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. ஒரு பொருளைப் பாதுகாக்கிற பொறுப்பு உங்களுடையது. ஆனால் தொட அனுமதி இல்லை. விற்றால் பணம் இன்னொருவர் கணக்கில் ஏறும். அப்படியானால் உங்கள் புத்தகத்தில் அதற்குப் பெயர் சொத்து அல்ல. குடோன் வாட்ச்மேன், உள்ளே இருக்கும் அரிசி மூட்டைகளைத் தன் பாலன்ஸ் ஷீட்டில் காட்ட முடியுமா? இந்தியாவில் காட்டோர கிராமங்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை இதுதான். அதிலும் மாதச் சம்பளம் இல்லாத வாட்ச்மேன் வேலை.

நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தார்கள், அதை மறுக்க வேண்டியதில்லை. 1972 வாக்கில் மேற்கு வங்கத்தின் மேதினிப்பூரில், அராபாரி என்ற இடத்தில், அஜித் குமார் பானர்ஜி என்ற வனத்துறை அதிகாரி சுற்றியிருந்த 11 கிராமங்களோடு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார். 618 குடும்பங்கள், 1,272 ஹெக்டேர் மொட்டையாகிப் போன சால் காடு. நீங்கள் காவல் காருங்கள், வளர்ந்த பிறகு வெட்டும் மரத்தில் 25 சதவீதம் உங்களுக்கு என்றார். காடு திரும்ப வந்தது. அதிகாரி ஒருவர் மக்களை எதிரியாகப் பார்க்காமல் பேசியதே அந்தக் காலத்தில் பெரிய விஷயம். (லத்தியில்லாமல் பேசினார் என்பதற்காகவே சிலை வைக்கலாம்.) 1990 ஜூன் 1-ம் தேதி மத்திய அரசு ஒரு சுற்றறிக்கை விட்டு இந்த யோசனையை நாடு முழுக்கக் கொண்டு போனது. 'கூட்டு வன மேலாண்மை' என்று பெயர்.

பெயரில் 'கூட்டு' இருக்கிறதே என்று பார்ட்னர்ஷிப் சட்டத்தை எடுத்துப் புரட்டாதீர்கள். பார்ட்னர்ஷிப் என்றால் லாப விகிதம் எழுதியிருக்க வேண்டும், கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிற உரிமை இருவருக்கும் வேண்டும், ஒருவர் நினைத்த மாத்திரத்தில் இன்னொருவரைக் கழற்றிவிட முடியக்கூடாது. கூட்டு வன மேலாண்மை நின்றதோ அரசாணைகள் மேல். பெரும்பாலான மாநிலங்களில் கமிட்டியின் செயலாளர் ஒரு வனத்துறை ஊழியர். வங்கிக் கணக்கில் அவர் கையெழுத்து இல்லாமல் காசு வெளியே வராது. எதை நடுவது, எப்போது வெட்டுவது, யாருக்கு விற்பது எல்லாம் துறையின் திட்டப்படி. கமிட்டியைக் கலைக்கும் அதிகாரமும் துறைக்கே. ஊருக்கு மிஞ்சியது இரவில் முறை வைத்துக் காவல் போவது, ஆடு மாட்டை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வது, விறகு பொறுக்க வந்த பக்கத்து ஊர்க்காரியோடு சண்டை போடுவது. இதற்குப் பெயர் பங்குதாரரா?

தமிழ்நாட்டிலும் இதே கூத்துதான். 1997-ல் ஜப்பான் கடனுதவியோடு தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் வந்தது. கிராம வனக் குழுக்கள் அமைத்தார்கள், கன்று நட்டார்கள், தடுப்பணை கட்டினார்கள். பல இடங்களில் நிலத்தடி நீருக்கு நல்லதும் நடந்திருக்கும். ஆனால் ஏழைகளுக்கு என்று அதில் இருந்தது என்ன? கறவை மாடும் ஆடும் வாங்கச் சிறு கடன்கள். நோக்கத்தையும் ஒளிக்கவில்லை: மக்கள் காட்டை நம்பியிருப்பதைக் குறைப்பது. அதாவது, காட்டோரம் பிறந்தவனுக்குக் காட்டிலிருந்து வருமானம் வர வழி செய்வது அல்ல, காட்டுப் பக்கமே வராமல் இருக்க வழி செய்வது. மீன் பிடிக்கிறவனிடம் கடலைக் காப்பாற்று, சாப்பாட்டுக்குக் கோழி வளர்த்துக்கொள் என்று சொல்கிற மாதிரி.

சரி, மக்களிடம் விற்கிற உரிமை போனால் காடு அழிந்துவிடும் என்கிறார்களே, இத்தனை காலம் அந்த உரிமையை வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்? கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தைப் பாருங்கள். 1950-களில் தண்டேலி காகித ஆலைக்கு அரசுக் காட்டு மூங்கிலைக் கொடுத்த விலை டன்னுக்கு ஒன்றரை ரூபாய். கூடை முடைகிறவர்கள் அதே மூங்கிலைச் சந்தையில் எத்தனையோ மடங்கு அதிக விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1970-களில் மூங்கில் ஏன் தீர்ந்துபோகிறது என்ற கேள்வி வந்தபோது, கிராமத்துக்காரர்கள் ஆடு மாடு மேய்த்து அழித்துவிட்டார்கள் என்றே துறை சொன்னது. சூழலியலாளர் மாதவ் காட்கில் நேரில் போய் ஆய்வு செய்தார். மூங்கில் புதரின் அடியில் முள் வேலி மாதிரி ஓர் அடர்த்தி இருக்கும். வெட்டுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று ஆலை ஆட்கள் அந்த முள்ளைச் சுத்தம் செய்துவிட்டார்கள். முள் போனதும் புதுக் குருத்துகளைக் குரங்கும் முள்ளம்பன்றியும் மாடும் தின்று தீர்த்தன. இதை அவருக்கு முதலில் சொன்னவர்கள் யார் தெரியுமா? அந்தக் கிராமத்துக்காரர்களே. முள்ளை எடுக்காதே என்று தெரிந்தவனுக்கு மூங்கில் சொந்தமில்லை, மூங்கில் யாருக்குக் கிடைத்ததோ அவருக்கு முள்ளைப் பற்றிக் கவலையில்லை. ஒன்றரை ரூபாய்க்குக் கிடைக்கிற பொருளை எவன் பத்திரமாக வைத்துக்கொள்வான்? விலைக் கோட்பாட்டின் முதல் பாடம் இது.

2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தபோது இந்தக் கணக்கு தலைகீழாக மாறியிருக்க வேண்டும். காகிதத்தில் மாறியது. சிறு வனப் பொருட்களைச் சேகரிக்க, பயன்படுத்த, விற்க எல்லாவற்றுக்கும் உரிமை காட்டில் வாழ்பவர்களுக்கு; காட்டை நிர்வகிக்கும் உரிமை கிராம சபைக்கு. 'சிறு' என்ற வார்த்தையைப் பார்த்து ஏமாற வேண்டாம். தேன், அரக்கு, கடுக்காய், மூலிகைகள், பீடி இலை, முக்கியமாக மூங்கில் எல்லாம் இந்தச் சட்டப்படி சிறு வனப் பொருட்களே. விலை போகிற பொருட்கள் பாதி இதில் அடங்கிவிடும்.

மூங்கிலில்தான் மாட்டிக்கொண்டது. 1927-ம் வருடத்து இந்திய வனச் சட்டம் 2017 வரை மூங்கிலை மரம் என்றது. 2006-ம் வருடத்துச் சட்டம் இல்லை என்கிறது. தாவரவியல்படி அது புல். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம், வனத்துறைக்கு மட்டும் வருடக்கணக்கில் புரியவில்லை. ஏன் புரியவில்லை என்றால், மரம் என்று சொல்லும் வரை அதை லாரியில் ஏற்ற துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். பாஸ் என்பார்கள். வெட்டுகிற உரிமையைச் சட்டம் கொடுக்கட்டும், பாஸ் எங்கள் பையில் இருக்கும் வரை நீ எங்கே போய் விற்பாய் பார்ப்போம் என்பதே விஷயம்.

மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா என்று ஒரு கோண்டுப் பழங்குடிக் கிராமம். சுமார் நூறு வீடுகள்தான். 'டில்லியிலும் மும்பையிலும் நம் அரசு, நம் ஊரில் நாமே அரசு' என்று 1980-களிலிருந்தே சொல்லி வருகிற ஊர். அங்கே ஓட்டெடுத்துத் தீர்மானம் போடுவதில்லை; எல்லோரும் ஒத்துக்கொள்கிற வரை பேசுவார்கள். (வகுப்பில் டூர் எங்கே போவது என்று முடிவு செய்ய முடியாதவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவும்.) 2009-ல் நாட்டிலேயே முதல் முறையாகச் சமூக வன உரிமைப் பட்டா பெற்ற ஊர்களில் ஒன்று. சுமார் 1,800 ஹெக்டேர். பட்டா கையில், மூங்கில் காட்டில். ஆனால் பாஸ்? கிடையாது. மூங்கில் மரமாச்சே!

ஒரு நூறு வீட்டு ஊர் இந்திய அரசோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டியது. 2011 மார்ச்சில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், மூங்கிலைச் சிறு வனப் பொருளாகவே நடத்த வேண்டும் என்று முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. ஏப்ரல் 27-ம் தேதி அவரும் மகாராஷ்டிர முதல்வர் பிருத்விராஜ் சவானும் அந்த ஊருக்கே வந்து, பாஸ் புத்தகத்தை ஊர்த் தலைவர் தேவாஜி தோஃபா கையில் கொடுத்தார்கள். ஒரு ரசீதுப் புத்தகத்தைக் கை மாற்ற ஒரு மத்திய அமைச்சரும் ஒரு முதலமைச்சரும்!

ஆனால் அந்தப் புத்தகம் கை மாறியதும் நடந்ததைப் பாருங்கள். கிராம சபையே டெண்டர் விட்டது. வெட்டுக் கூலியை ஊரே நிர்ணயித்தது. முதல் வருடத்திலேயே ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் மூங்கில் விற்பனை. கிராம சபையின் பெயரில் பான் கார்டு வாங்கினார்கள். படிக்காத ஆதிவாசிகளுக்குக் கணக்கு வைக்கத் தெரியுமா என்று கேட்டவர்களுக்கு இதைவிட வேறென்ன பதில் வேண்டும்? அந்தக் காட்டில் 2010-ல் இருந்த மூங்கில்தான் 2011-லும் இருந்தது. புதிதாக ஒரு குருத்துகூட நடவில்லை, எந்த ப்ராஜெக்டும் வரவில்லை, ஜப்பானிலிருந்து ஒரு யென்னும் வரவில்லை. மாறியது பாஸ் புத்தகம் இருந்த இடம் மட்டுமே.

இது ஓர் அதிசய ஊரின் கதை என்று தள்ளிவிட முடியாது. ஒடிசாவின் காலாஹண்டி மாவட்டத்தில் ஜாம்குடா என்ற ஊருக்கும் பட்டா கிடைத்தது. அங்கும் பாஸ் மறுத்தார்கள். வெட்டிய மூங்கில் கிடந்தது. இதற்கிடையில் 2012 செப்டம்பரில் மத்திய அரசு விதிகளையே திருத்தி, பாஸ் எழுதுகிற அதிகாரம் கிராம சபையின் கமிட்டிக்கு என்று கறுப்பு வெள்ளையில் போட்டது. அதற்குப் பிறகும் 2013 மார்ச் வரை இழுத்த பிறகே ஜாம்குடா தன் பாஸைத் தானே எழுத முடிந்தது. கட்சிரோலியில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராம சபைகளிடம் இந்த உரிமை இருக்கிறது. அங்கே பல ஊர்கள் சேர்ந்து பீடி இலையைத் தாங்களே ஏலம் விடுகின்றன. முன்பெல்லாம் இலை பறித்தவருக்குக் கட்டுக் கணக்கில் கூலி மட்டும் கைக்கு வரும். ராயல்டி அரசுக்குப் போய், செலவெல்லாம் கழித்து, மிச்சம் போனஸ் என்ற பெயரில் எப்போதாவது திரும்பி வரும். இப்போது கூலியும் ராயல்டியும் ஊர்க் கணக்கில் ஏறுகின்றன. ஏலம் எடுத்துவிட்டுப் பணத்தை இழுத்தடிக்கிற ஒப்பந்தக்காரர்களும் உண்டுதான். முன்பு பாக்கி எவ்வளவு என்றே தெரியாது, இன்று யார் எவ்வளவு பாக்கி என்று ஊருக்குத் தெரியும்.

'உரிமையைக் கொடுத்தால் நாலு வருடத்தில் வெட்டி விற்றுவிட்டுப் போய்விடுவார்கள்.' இது அதிகம் கேட்கிற வாதம், சில சமயம் உண்மையான அக்கறையோடும் சொல்லப்படுவது. சந்திரபூர் மாவட்டத்தில் பாச்காவ் என்ற சின்ன ஊர் இருக்கிறது. 2012-ல் சுமார் ஆயிரம் ஹெக்டேருக்குப் பட்டா வாங்கி மூங்கில் விற்கிறது. பீடி இலை நல்ல காசு தரும் பொருள். ஆனால் அதற்காகக் கிளையை வெட்டுகிறார்கள், புதுத் தளிருக்காகத் தீ வைக்கிறார்கள், காட்டுக்குக் கேடு என்று அந்த ஊர் பீடி இலை எடுப்பதையே நிறுத்திக்கொண்டது. கையில் வந்த வருமானத்தை யாரும் சொல்லாமல் தானே விட்டுக்கொடுத்த ஓர் அரசுத் துறையைக் காட்டுங்கள், பிறகு பேசலாம். அடுத்த வருடமும் தனக்கே கிடைக்கும் என்று நம்புகிறவன்தான் இந்த வருடம் கை வைக்காமல் இருப்பான். நாளைக்கு ரேஞ்சர் வந்து துரத்திவிடுவார் என்று பயப்படுகிறவன் இன்றே வெட்டத்தான் செய்வான்.

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. நேபாளத்தைக் காட்டி வைப்பது. 1993-ல் சட்டம் போட்டு மலைக் காடுகளை மக்கள் குழுக்களிடம் ஒப்படைத்த நாடு அது. 22,000-க்கும் மேற்பட்ட குழுக்கள். 1992-ல் நிலப்பரப்பில் 26 சதவீதமாக இருந்த காடு 2016-ல் 45 சதவீதம் ஆனது. மொட்டை மலைகள் பச்சையாகின. ஆனால் வறுமை? 2019-ல் நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி இதழில் வந்த ஆய்வு ஒன்று சுமார் 18,000 சமூகக் காடுகளை எடுத்துப் பார்த்தது. சமூகக் காடு உள்ள இடங்களில் காடழிப்பு ஒப்பீட்டளவில் 37 சதவீதம் குறைந்திருக்கிறது. வறுமை 4.3 சதவீதம் குறைந்திருக்கிறது. பார்த்தீர்களா, சமூகக் காட்டால் ஏழைக்குப் பெரிதாக ஒன்றும் வராது என்று ஒரு கூட்டம் இந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்.

இரண்டு எண்களையும் சேர்த்துப் படியுங்கள். காட்டைக் காக்கும் அதிகாரம் முழுசாகக் கிடைத்தது, அதனால் காடு வந்தது. நேபாள மலைகளில் குழுக்கள் எடுப்பது பெரும்பாலும் விறகு, தழை, புல், வீட்டுக்கு ஒரு உத்தரம். மரத்தை வணிகமாக விற்க வேண்டுமென்றால் அங்கும் துறை ஒப்புக்கொண்ட திட்டம், துறையின் அனுமதி. நிர்வாகம் கை மாறிய அளவுக்குச் சந்தை கை மாறவில்லை. 37-க்கும் 4.3-க்கும் நடுவில் இருக்கும் பள்ளம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இதற்கு அதில் பெரிய பங்கு இருக்கும். மேந்தா லேகாவில் நடந்தது அங்கே நடக்கவில்லை.

நேபாளத்தில் இன்னொரு குறையும் உண்டு, அதை மழுப்பக் கூடாது. ஊர் என்பது ஒரே மனிதன் இல்லை. நிலம் வைத்திருப்பவரும் மேல்சாதிக்காரரும் குழுவின் தலைமையில் உட்கார்ந்துகொண்டு, விறகு விற்றுப் பிழைத்த தலித் குடும்பத்துக்கு 'காடு மூடியாச்சு' என்று சொன்ன ஊர்கள் நிறைய. பல வருடம் கழித்தே வழிகாட்டி விதிகளில் வருமானத்தில் 35 சதவீதம் ஏழைகளுக்கான வேலைகளுக்குப் போக வேண்டும் என்று எழுதினார்கள். ஊர்ப் பெரிய மனிதன் சுரண்டுவான் என்பதற்காக உரிமையே வேண்டாம் என்பது, கம்பெனியில் டைரக்டர்கள் திருடுகிறார்கள், ஆகவே பங்குதாரர்களுக்கு ஓட்டு வேண்டாம் என்பதற்குச் சமம். கணக்கைப் பொதுவில் படி, ஆடிட் செய், பங்கை எழுதி வை. அதற்குத்தானே கணக்கு என்று ஒன்று இருக்கிறது.

காடு மட்டுமே எல்லா வறுமையையும் தீர்க்காது என்பதும் உண்மை. மூங்கிலில் பல வகைகள் பல வருடங்களுக்கு ஒரு முறை ஒட்டுமொத்தமாகப் பூத்துச் செத்துவிடும், பிறகு சில வருடம் விற்க ஒன்றுமிருக்காது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பஸ்ஸும் மூங்கிலிலிருந்து முளைக்காது. ஆனால் இருக்கிற வருமானத்தையும் கையில் கிடைக்காமல் செய்துவிட்டு, வறுமை ஒழிப்பு என்று வேறு பத்து திட்டம் போடுவது என்ன நியாயம்?

பணம் இல்லை என்ற பேச்சுக்கும் இடமில்லை. சுரங்கத்துக்கும் அணைக்கும் காட்டை எடுத்துக்கொள்ளும்போது கம்பெனிகளும் அரசுத் துறைகளும் கட்டிய ஈட்டுத் தொகை பல வருடம் தேங்கிக் கிடந்து, 2016-ல் அதற்கென்று தனிச் சட்டம் வந்து, 2019 ஆகஸ்டில் 47,000 கோடி ரூபாய்க்கும் மேல் மாநிலங்களுக்குப் போனது. போன இடம்? வனத்துறைகள். இழந்தது கிராமத்தின் காடு, நஷ்ட ஈடு இலாகாவுக்கு. அந்தக் காசில் சில மாநிலங்களில் மக்களின் உரிமை நிலத்திலேயே தேக்குக் கன்று நட்டு வேலி போட்டார்கள் என்ற புகார்கள் வேறு.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம், வன உரிமைச் சட்டப்படி பட்டா கொடுக்கும் முன் நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. அது நீங்க 2016 ஆயிற்று. எட்டு வருடம்! மகாராஷ்டிர கிராமங்கள் டெண்டர் விட்டுக்கொண்டிருந்த அதே எட்டு வருடம். அந்த உத்தரவு போன பிறகாவது வேகம் பிடித்ததா என்றால், இங்கே கொடுக்கப்பட்ட சமூக உரிமைப் பட்டாக்கள் மகாராஷ்டிராவின் பக்கத்தில் வைத்தால் சொற்பம். அதிலும் தனி வீட்டுப் பட்டா கொடுப்பது எளிது, போட்டோவுக்கும் நல்லது. காட்டை நிர்வகிக்கிற, விற்கிற உரிமையைக் கொடுக்கிற சமூகப் பட்டா என்றால் ஃபைல் நகர மறுக்கிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்தச் சட்டம் கிராம சபை என்று சொல்வது ஊராட்சி முழுவதற்குமான கூட்டத்தை அல்ல; அந்தக் காட்டை ஒட்டி வாழ்கிற குடியிருப்பின் கூட்டத்தை. நாற்பது வீடு உள்ள ஒரு மலைக் குடியிருப்பின் மூங்கில் விஷயத்தை, அடிவாரத்து ஊராட்சியில் ஆகஸ்ட் 15 அன்று கூடுகிற சபையில் பத்தோடு பதினொன்றாகத் தீர்மானமாக வைத்தால் என்ன ஆகும்? தெருவிளக்குக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் நடுவில் காணாமல் போகும். குடியிருப்பு தனியாகக் கூடி, தன் எல்லையைத் தானே வரைந்து, சமூக வன வளத்துக்கு என்று 2012 திருத்த விதிகளில் தனியாக இருக்கிற மனுப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய ஆவணம் இல்லையே என்று தாலுகா ஆபீசில் திருப்பி அனுப்பினால் அசர வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் சொல்லி எழுதி வாங்கிய வாக்குமூலமும் சான்றுதான் என்று விதியே சொல்கிறது.

கிடைக்கிற பட்டாவையும் வரி வரியாகப் படித்து வாங்குவது நல்லது. ஆந்திராவில் நூற்றுக்கணக்கான சமூகப் பட்டாக்களைக் கிராம சபையின் பெயரில் எழுதாமல் பழைய கூட்டு வன மேலாண்மைக் குழுக்களின் பெயரில் எழுதிக் கொடுத்தார்கள். மறுபடியும் அதே கமிட்டி, அதே செயலாளர், அதே கையெழுத்து.